பக்கத்து வயலின் மகரந்தம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. மரபணு மாற்றப் பயிர்கள் பரவும் இடத்தில், அது வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் இயற்கை விவசாயியின் கதி என்ன? அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: பத்து வருடமாக ரசாயனம் இல்லாமல் மக்காச்சோளம் போடுகிறேன். இந்தப் பருவத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் மரபணு மாற்ற மக்காச்சோளம் விதைத்துவிட்டார்கள். என் பயிர் கெட்டுப்போகுமா?

உங்கள் செடி கெடாது. கதிரில் இருக்கும் மணிகளில் சில மாறக்கூடும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியில் இருக்கிறது, பெண் பூ நடுத்தண்டில் கதிராக இருக்கிறது. கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கான வழி. எந்த நூலில் எந்தச் செடியின் மகரந்தம் விழுகிறதோ, அந்தச் செடிதான் அந்த மணிக்குத் தகப்பன். ஆகவே ஒரே கதிரில் ஐந்நூறு மணி இருந்தால் அதில் பத்து மணிக்கு அடுத்த வயல் தகப்பனாக இருக்கலாம், மீதி உங்கள் வயலுடையதாகவே இருக்கும். வெளியே பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல செய்தி, மக்காச்சோள மகரந்தம் கனமானது. பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும், வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் சில மணி நேரத்தில் உயிரும் போய்விடும். விதை உற்பத்தி செய்கிறவர்கள் வழக்கமாக 200 மீட்டர் இடைவெளி விடுவது இதனால்தான். அந்த இடைவெளியிலும் கலப்பு பூஜ்யம் ஆகாது, மிகவும் குறையும், அவ்வளவே. அதனால் எல்லையோரம் இருக்கும் வரிசைகளைத் தனியாக அறுத்துத் தனியாக விற்றுவிடுங்கள். அடுத்த முறை உங்கள் விதைப்பை மூன்று நான்கு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டு வயலும் ஒரே நேரத்தில் பூக்கவில்லை என்றால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலை இல்லை.

இதை எல்லாப் பயிருக்கும் அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். கனோலா, கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்து, அது வேறு கதை. காற்றும் கொண்டுபோகும், தேனீயும் கொண்டுபோகும். ஆஸ்திரேலியாவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு 3 கிலோமீட்டர் வரை கலப்பு நடந்ததைக் காட்டியது. விதையும் பொடிப்பொடியாக இருக்கும், அறுவடைக்கு முன்பே கொட்டும், மண்ணுக்குள் சில வருடம் உறங்கி அப்புறம் முளைக்கும். புல் இனங்கள் இதைவிட மோசம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் களைக்கொல்லி தாங்கும் ஒரு வகைப் புல்லைச் சோதனைக்காக வளர்த்தார்கள், அதன் மகரந்தம் 21 கிலோமீட்டர் தள்ளி இருந்த புல்லில் சூல் பிடித்திருந்தது 2004-ல் தெரியவந்தது. அந்தப் புல் சோதனை நிலத்தைத் தாண்டி வெளியே பரவி, பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது.

கேள்வி: நெல், கோதுமை, சோயா எல்லாம் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிப்பவை. அப்படியானால் இவற்றில் கலப்புப் பிரச்சினையே இல்லை, சரிதானே?

மகரந்தம் வழியாக மிகக் குறைவு, உண்மை. ஆனால் விதை பயணம் செய்வது மகரந்தத்தில் மட்டும் இல்லை. சாக்கில், லாரியில், அறுவடை இயந்திரத்தின் மூலையில், கிடங்கின் தரையில் எல்லாம் போகிறது.

2006-ல் அமெரிக்காவின் நீண்ட மணி அரிசியில் களைக்கொல்லி தாங்கும் ஒரு மரபணு மாற்ற நெல்லின் தடயம் கிடைத்தது. அந்த நெல் அப்போது விற்பனைக்கே வரவில்லை, சோதனை வயலில் மட்டும் வளர்ந்தது, அந்தச் சோதனைகளும் 2001-லேயே முடிந்துவிட்டன. எப்படி வந்தது என்று கடைசி வரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏற்றுமதிச் சந்தை ஆட்டம் கண்டது, 2011-ல் அந்த நெல்லின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. கனடாவில் ஆளி விதைக்கும் இதேதான் நடந்தது. ட்ரிஃபிட் என்ற மரபணு மாற்ற ரகத்தை 2001-ல் பதிவிலிருந்தே நீக்கிவிட்டார்கள், எட்டு வருடம் கழித்து 2009-ல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் அது தலைகாட்டியது. ஆளியும் தன்மகரந்தப் பயிர்தான். 2013-ல் ஆரிகனில் ஒரு வயலில் தானாக முளைத்திருந்த கோதுமை களைக்கொல்லிக்குச் சாகவில்லை, சோதித்துப் பார்த்தால் எந்த நாட்டிலும் விற்பனைக்கு அனுமதி பெறாத மரபணு மாற்றக் கோதுமை.

ஆகவே தன்மகரந்தப் பயிர் போடுகிறவர்கள் காற்றைவிட இயந்திரத்தைப் பாருங்கள். வாடகை அறுவடை இயந்திரம் உங்கள் நிலத்துக்குள் இறங்கும் முன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், முதலில் வரும் சில மூட்டைகளைத் தனியே வையுங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கலப்பு நடந்துவிட்டால் என் அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) பறிபோகுமா?

பலர் கேட்டிருக்கிறீர்கள், இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

பெரும்பாலான நாடுகளில் அங்ககச் சான்று என்பது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கான சான்று. விளைபொருளில் என்ன இருக்கிறது என்பதற்கான சோதனை அறிக்கை அல்ல. நீங்கள் மரபணு மாற்ற விதையைத் தெரிந்து விதைக்கக் கூடாது, அது விதி. அமெரிக்க விதியில், உங்கள் தவறு இல்லாமல் காற்றில் வந்த தடயத்துக்காகச் சான்று தானாக ரத்தாகாது. கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் வாங்குகிற வியாபாரி சான்றிதழை மட்டும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துச் சோதிக்கிறார். ஐரோப்பாவில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மரபணு மாற்றப் பொருள் என்று முத்திரை போட வேண்டும், பல வியாபாரிகள் அதைவிடக் குறைவாகவே வரம்பு வைக்கிறார்கள். வரம்பு தாண்டினால் லாரி திரும்பிவிடும். சான்று கையில் இருக்கும், சரக்கு சாதாரண விலைக்குப் போகும். அந்த விலை வித்தியாசத்தை யாரும் உங்களுக்குத் தருவதில்லை.

சான்றே போன கதையும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2010-ல் ஒருவர் அந்த வருடம்தான் அனுமதிக்கப்பட்டிருந்த மரபணு மாற்றக் கனோலாவைப் போட்டு, அறுத்து, வயலிலேயே காயப் போட்டிருந்தார். காற்று அந்த அறுத்த செடிகளை, விதையோடு, பக்கத்தில் இருந்த மார்ஷ் என்பவரின் அங்ககப் பண்ணைக்குள் கொண்டுவந்து போட்டது. மார்ஷ் கோதுமையும் ஓட்ஸும் ஆடும் வைத்திருந்தவர், கனோலா அவர் பயிரே இல்லை, அதனால் மகரந்தம் கலக்க வழியும் இல்லை. அடுத்த வருடம் அவர் நிலத்தில் முளைத்தவை எட்டுச் செடிகள். ஆனால் அவருக்குச் சான்று கொடுத்த அமைப்பின் விதி பூஜ்யச் சகிப்பு, துளி கலந்தாலும் கூடாது, ஆகவே 2010 முடிவதற்குள்ளேயே பண்ணையில் சுமார் 70 சதவீதம் சான்றை இழந்தது. 2013-ல்தான் திரும்பக் கிடைத்தது. நஷ்டம் 85,000 ஆஸ்திரேலிய டாலர் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டார். 2014-ல் தோற்றார், 2015-ல் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார், 2016-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது.

அடுத்த வயல்காரர் சட்டப்படி அனுமதித்த பயிரை வழக்கமான முறையில் அறுத்தார், அவர் மேல் குற்றம் இல்லை என்பது தீர்ப்பு. சான்று அமைப்பு தன் விதியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியது என்பதும் முதல் நீதிபதியின் கருத்து. இரண்டையும் படித்தேன், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. தன் நிலத்தில் எதையும் மாற்றாத ஒருவர் கிட்டத்தட்ட மூன்று வருடம் சான்றை இழந்து நஷ்டப்படுகிறார், அதற்குப் பொறுப்பு யாருக்கும் இல்லை என்று முடிகிறது. மரபணு மாற்றப் பயிர் நல்லதா கெட்டதா என்று எவ்வளவோ சண்டை போடுகிறோம். இயற்கை விவசாயிக்கு அதைவிட முக்கியமான கேள்வி, வேலி போடும் செலவு யாருடையது என்பது. இன்று பெரும்பாலும் அது வேண்டாம் என்றவர் தலையில்தான் விழுகிறது.

எல்லா நாடும் இப்படி இல்லை. ஜெர்மனியில் கலப்பால் பக்கத்து விவசாயிக்கு நஷ்டம் வந்தால் மரபணு மாற்றப் பயிர் போட்டவர் ஈடு கட்ட வேண்டும், எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் சுற்றியுள்ள எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டும். 2010-ல் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. டென்மார்க்கில் மரபணு மாற்றப் பயிர் போடுகிறவர்களிடம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒரு நிதி வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். லாபம் எந்தப் பக்கமோ பொறுப்பும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: மகரந்தம் என் வயலில் விழுந்தால் விதை நிறுவனம் என் மேல் வழக்குப் போடும் என்கிறார்களே?

கனடாவின் பெர்சி ஷ்மைசர் வழக்கை வைத்துத்தான் இப்படிச் சொல்கிறார்கள், அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் இயற்கை விவசாயி அல்ல. 1997-ல் தன் வயலோரக் கனோலாவில் களைக்கொல்லி தெளித்தபோது ஒரு பகுதி சாகவில்லை என்று கண்டார், பிழைத்தவற்றின் விதையை எடுத்து வைத்து 1998-ல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விதைத்தார். அந்தப் பயிரில் 95 சதவீதத்துக்கு மேல் காப்புரிமை பெற்ற மரபணு இருந்தது. 2004-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் காப்புரிமையை மீறினார் என்றது, ஆனால் அதனால் அவருக்குக் கூடுதல் லாபம் எதுவும் வரவில்லை என்பதால் நிறுவனத்துக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. முதலில் அந்த விதை அவர் நிலத்துக்குள் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, தெரிந்தே எடுத்து வைத்து விதைத்தது இன்னொரு கேள்வி. தீர்ப்பு இரண்டாவதைப் பற்றியது.

அமெரிக்காவில் அங்கக விதை விவசாயிகள் 2011-ல் முன்கூட்டியே வழக்குப் போட்டார்கள், எங்கள் மேல் வழக்குப் போடக் கூடாது என்று உத்தரவு கேட்டு. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்கவில்லை. சுமார் 1 சதவீதம் வரை தற்செயலாகக் கலந்தவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று நிறுவனம் நீதிமன்றத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது, அது அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் காரணம். ஆகவே காற்றில் வந்த தடயத்துக்காகச் சிறைக்குப் போவோம் என்றெல்லாம் தூக்கம் கெடாதீர்கள்.

இதற்கு நேர் எதிர் வழக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கனடாவின் சஸ்காட்சுவான் மாநில அங்கக விவசாயிகள், கலப்பால் எங்களால் இனி கனோலாவே போட முடியவில்லை என்று 2002-ல் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். கூட்டு வழக்காக நடத்த அனுமதியே கிடைக்கவில்லை, 2007-ல் எல்லாக் கதவும் மூடிவிட்டது. பயிர்ச் சுழற்சியில் வைக்க ஒரு நல்ல எண்ணெய் வித்துப் பயிர் அவர்கள் கையை விட்டே போனது.

கேள்வி: மரபணு மாற்ற விதை ஒரு தடவைதான் முளைக்குமாம், மகரந்தம் பட்டால் நம் விதையும் மலடாகுமாம். உண்மையா?

இல்லை. அப்படி ஒரு தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள், உலகமே எதிர்த்தது, 2000-ல் ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் தடுத்து நிறுத்தச் சொன்னன. எங்குமே விற்பனைக்கு வரவில்லை. மறு விதைப்பில் மகசூல் சீராக வராமல் போவது வீரிய ஒட்டு ரகங்களின் இயல்பு, மரபணு மாற்றம் இல்லாத ஒட்டு ரகத்திலும் அதேதான். எடுத்து வைக்கக் கூடாது என்று தடுப்பது பெரும்பாலும் ஒப்பந்தமும் காப்புரிமையும்.

கேள்வி: இயற்கை விவசாயிகள் பி.டி. கரைசல் தெளிக்கிறார்கள். அதே பி.டி.யைச் செடியே தயாரித்தால் மட்டும் ஏன் எதிர்ப்பு? இது முரண்பாடு இல்லையா?

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழு கூட்டங்கூட்டமாகச் செத்ததை ஆராய்ந்த இஷிவாடா அதை முதலில் கண்டார். 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவுப் பூச்சியிலிருந்து பெர்லினர் அதைப் பிரித்துப் பெயர் வைத்தார். 1938-லேயே பிரான்சில் பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்துவிட்டது. பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழு இலையோடு அதைத் தின்றால், அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் படிகம் கரைந்து, குடல் சுவரில் ஓட்டை போடுகிறது. நம் வயிறு அமிலம், அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. தேனீக்கும் பெரும்பாலான நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் தீங்கில்லை. இயற்கை விவசாயியிடம் இருக்கும் மிகச் சில கூர்மையான கருவிகளில் இது ஒன்று.

ஆகவே புரதம் என்று பார்த்தால் எதிர்ப்புக்குப் பெரிய காரணம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். வித்தியாசம் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. கரைசலைப் புழு கண்ட பிறகு, புழு சின்னதாக இருக்கும்போது, மாலையில் தெளிக்கிறோம். வெயில் பட்டால் சில நாளில் அழிந்துவிடும். புழுக்கூட்டத்துக்கு அது எப்போதோ ஒரு முறை வரும் அடி. பி.டி. பயிரிலோ அந்தப் புரதம் முளைத்த நாள் முதல் அறுவடை வரை, ஒவ்வொரு இலையிலும், லட்சக்கணக்கான ஏக்கரில், எப்போதும் இருக்கிறது. அதில் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு புழுக்களின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. எதிர்ப்புத்திறன் வளர இதைவிட வேகமான பள்ளிக்கூடம் கிடையாது.

இது தெரிந்ததால்தான் ஆரம்பத்திலேயே ஓர் ஏற்பாடு வைத்தார்கள். பி.டி. வயலுக்குப் பக்கத்தில் பி.டி. இல்லாத பயிரையும் ஒரு பங்கு போட வேண்டும், அதில் வளரும் சாதாரணப் பூச்சிகள் பிழைத்தவற்றோடு கூடினால் எதிர்ப்புத்திறன் நீர்த்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் இதை ஒழுங்காகச் செய்தார்கள், பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் விட்டார்கள், 2018-ல் அமெரிக்காவின் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்றே அறிவித்தார்கள். இந்தியாவில் அந்தத் தடுப்பு வரிசையைப் பெரும்பாலான விவசாயிகள் போடவில்லை. 2002-ல் வந்த முதல் பி.டி. பருத்தியை அதே காய்ப்புழு 2009 வாக்கில் குஜராத்தில் தாண்டியது, இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் 2015 வாக்கில் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோள வேர்ப்புழுவும் அப்படியே. இப்படி ஒரு பூச்சி எதிர்ப்புத்திறன் பெற்றால் நிறுவனம் புதிய மரபணு வைக்கும், ரசாயன விவசாயி வேறு மருந்து வாங்குவார். இயற்கை விவசாயிக்கு இருந்த சில கருவிகளில் ஒன்று மழுங்கிவிடும். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுச் சொத்தை ஒரு பக்கம் வேகமாகச் செலவழிக்கிறது, இன்னொரு பக்கம் இழக்கிறது. என் எதிர்ப்பு இவ்வளவுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வயலில் பி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்ற முதல் பூச்சி உருவானது மரபணு மாற்றப் பயிரால் அல்ல, கரைசலால்தான். ஹவாயில் முட்டைக்கோஸ் வகைப் பயிர்களில் ஓயாமல் தெளித்துத் தெளித்து வைர முதுகு அந்துப்பூச்சி தப்பிக்கக் கற்றுக்கொண்டது, 1990-லேயே பதிவாகிவிட்டது. ஆகவே நீங்களும் வாரா வாரம் காலண்டர் பார்த்துத் தெளிக்காதீர்கள்.

கேள்வி: நான் வேளாண் கல்லூரி மாணவி. மரபணு மாற்றப் பயிரால் இயற்கை விவசாயிக்கு நன்மையே கிடையாதா? எப்போதும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள்.

நன்மை உண்டு, எழுதுகிறேன். அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பான் பி.டி. வந்த பிறகு அந்த வட்டாரம் முழுவதும் குறைந்தது. 2010-ல் வந்த ஆய்வு 14 வருடத்தில் கிடைத்த மொத்தப் பயனை 690 கோடி டாலர் என்று கணக்கிட்டது, அதில் 430 கோடி பி.டி. போடாத விவசாயிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் விதைக்குக் கூடுதல் விலை கொடுக்கவில்லை, புழு மட்டும் குறைந்தது. 2018-ல் இன்னொரு ஆய்வு பக்கத்தில் இருந்த மிளகாய், பீன்ஸ் போன்ற காய்கறிப் பயிர்களிலும் அதே பூச்சி குறைந்ததைக் காட்டியது. ஹவாயில் வளைய வைரஸ் நோய் பப்பாளித் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, டென்னிஸ் கொன்சால்வஸ் குழு உருவாக்கிய நோய் தாங்கும் பப்பாளி 1998-ல் வந்தது. அதை நட்டதால் வைரஸின் அளவே குறைந்து, சாதாரணப் பப்பாளி வைத்திருந்தவர்களும் மீண்டும் பயிர் செய்ய முடிந்தது. அதே ஹவாயில், மரபணு மாற்றம் வேண்டாம் என்றவர்களின் மரங்களிலும் பின்னால் அந்த மரபணு கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் பேராசிரியர்கள் முதல் பாதியைச் சொல்வார்கள், எங்களைப் போன்றவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வோம். நீங்கள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் தேனீ வளர்க்கிறேன். என் தேனுக்கு இதில் என்ன?

தேனீ மூன்று கிலோமீட்டர், சில சமயம் அதற்கு மேலும் போகும், அதனிடம் எல்லைக் கல் எதுவும் செல்லாது. ஜெர்மனியின் பவேரியாவில் பாப்லோக் என்ற தேனீ வளர்ப்பாளரின் பெட்டிகளிலிருந்து 500 மீட்டர் தள்ளி மரபணு மாற்ற மக்காச்சோளச் சோதனை நிலம் இருந்தது, தேனில் அந்த மகரந்தம் வந்தது. 2011 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தேனுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூன்று வருடம் கழித்து, மகரந்தம் தேனின் இயல்பான அங்கம், சேர்க்கப்பட்ட பொருள் அல்ல என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். தேன் வியாபாரம் நிம்மதி அடைந்தது. பெட்டியை இடம் மாற்றும் வேலை இன்றும் தேனீ வளர்ப்பவருக்குத்தான்.

கேள்வி: மகரந்தத்தை விடுங்கள். பக்கத்து வயலில் தெளிக்கும் களைக்கொல்லி என் தக்காளி இலையைச் சுருட்டிவிட்டது. இதற்கும் மரபணு மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டைகாம்பா போன்றதாக இருந்தால் தொடர்பு உண்டு. 1996 முதல் கிளைபோசேட் தாங்கும் பயிர்கள் பரவின, ஒரே மருந்தை வருடக்கணக்கில் தெளித்ததில் அதற்குச் சாகாத களைகள் வந்தன. அப்புறம் டைகாம்பா தாங்கும் சோயாவும் பருத்தியும் வந்தன. டைகாம்பா பழைய மருந்துதான், ஆனால் முன்பு பயிர் முளைப்பதற்கு முன் குளிரான காலத்தில் தெளிப்பார்கள். பயிர் தாங்கும் என்றானதும் கோடையின் நடுவில் தெளிக்க ஆரம்பித்தார்கள், வெப்பத்தில் அது ஆவியாகி, தெளித்து முடித்த பிறகும் எழுந்து பக்கத்து வயலுக்குப் போகிறது. 2017-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். 2020-லும் 2024-லும் நீதிமன்றங்கள் அனுமதியை ரத்து செய்தன.

இயற்கை விவசாயிக்கு இதில் இரட்டை அடி. பயிரும் போகிறது, தடை செய்யப்பட்ட பொருள் நிலத்தில் பட்டதால் சான்று அமைப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க விதியில் அப்படிப்பட்ட பொருள் நிலத்தில் இடப்பட்டால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நீங்கள் உடனே செய்ய வேண்டியது: சுருண்ட இலைகளைத் தேதியோடு படம் எடுங்கள், காற்று வந்த திசையைக் குறித்து வையுங்கள், சில நாளுக்குள் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், சான்று அமைப்புக்கு நீங்களே முதலில் தகவல் சொல்லுங்கள். தாமதித்தால் தடயம் கரைந்துவிடும்.

கேள்வி: மரபணு திருத்தம் செய்த பயிரில் அன்னிய மரபணுவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கலாமே?

உலக அளவில் அங்கக இயக்கங்கள் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கின்றன. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் திருத்தப்பட்ட பயிர்களுக்கு விதிகளைத் தளர்த்த முன்மொழிந்தபோதும் அங்ககப் பண்ணைக்குள் தடை தொடரும் என்றே எழுதியது. ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய மரபணு மாற்றப் பயிர்கள் பலவற்றில் காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த ஒரு துண்டு இருக்கும், ஆய்வகம் அதைத் தேடினால் போதும். செடியின் சொந்த மரபணுவிலேயே ஓர் எழுத்து மட்டும் மாற்றிய பயிரை, வெயிலில் தானாக மாறிய பயிரிலிருந்து பிரித்துச் சொல்ல எந்தச் சோதனையாலும் முடியாது. விதைப் பையில் உண்மையை எழுத வேண்டும் என்ற கட்டாயம் மட்டுமே ஒரே வழி. அதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கமும் ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கதிர்வீச்சு பட்டு உருவான பழைய ரகங்கள் பலவற்றை அங்ககப் பண்ணைகளில் தாராளமாகப் பயிர் செய்கிறோம். அதில் எத்தனை மரபணு எங்கெங்கே மாறியது என்று யாரும் எண்ணவில்லை. அறிவியல் பேசுகிறவர்கள் இதைக் காட்டிக் கேட்டால் கோபப்படாமல் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மரபணு மாற்றம் இல்லாத பருத்தி விதையே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கலப்பைவிடப் பெரிய பிரச்சினை இது. உலகில் மிக அதிகமாக அங்ககப் பருத்தி விளைவது இந்தியாவில், அதே இந்தியாவில் மொத்தப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ரகம்தான். வயலில் கலப்பு நடக்கும் முன்பே விதைச் சந்தையில் வாசல் மூடிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் விற்காத விதையைப் பெருக்குவதில்லை, பழைய ரகங்கள் குளிர் அறைகளில் கிடக்கின்றன. தனியாக நின்று இதைத் தீர்க்க முடியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒருவர் நிலத்தை விதைக்கென்று ஒதுக்கி, ஒரு வேளாண் பல்கலைக்கழக வளர்ப்பாளரோடு கைகோர்த்தால் நடக்கும். விதையைப் பிரித்துக்கொள்ளும் முன் சோதியுங்கள். பி.டி. புரதத்துக்குப் பட்டைச் சோதனை உண்டு, சில நிமிடத்தில் கோடு விழும். ஆய்வகச் சோதனை வேண்டுமென்றால் பருத்திக்கென்றே 2019-ல் சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்ட ஐ.டபிள்யூ.ஏ. 32 முறைப்படி செய்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: என் மாமியார் கொடுத்த மக்காச்சோள விதையை முப்பது வருடமாகத் தனியாக வைத்திருக்கிறேன். சுற்றிலும் மாறிவிட்டது. இதை எப்படிக் காப்பாற்றுவது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படிச் செய்யுங்கள். வயலின் நடுவில், எல்லையிலிருந்து முடிந்தவரை தள்ளி, விதைக்கென்று ஒரு சதுரம் விடுங்கள். சுற்றியும் அதே விதையைத்தான் போட வேண்டும், வெளியிலிருந்து வரும் மகரந்தத்தை அந்த வரிசைகள் தங்கள் மகரந்தத்தால் நீர்த்துப்போகச் செய்யும். பயம் அதிகம் என்றால் பட்டுநூல் வெளியே வரும் முன்பே கதிருக்குக் காகிதப் பை மாட்டி, உங்கள் செடிகளின் மகரந்தத்தையே காலையில் கையால் தூவுங்கள். நூறு செடிக்குக் குறையாமல் கதிர் எடுங்கள், பத்துக் கதிரிலிருந்து எடுத்தால் சில தலைமுறையில் ரகம் பலவீனமாகிவிடும். நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எல்லா விதையையும் ஒரே வருடத்தில் விதைத்துவிடாதீர்கள், பாதியை எப்போதும் கையிருப்பாக வைத்தால் ஒரு வருடம் கலப்பு நடந்தாலும் பின்னால் போக வழி இருக்கும். இந்த அறுவடை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு படி என்று, மரபணு மாற்ற மக்காச்சோளம் இன்னும் போகாத இடங்களில் இருக்கும் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுங்கள். எந்த வருடம் எங்கே யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டையும் விதை டப்பாவோடு வையுங்கள்.